உசேலு ஐம்பத்தஞ்சு

உசேலு பஸ் நிறுத்தத்தில் உவைலா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘ஐம்பத்தஞ்சு எங்கே?’ என்று கேட்டால், வாழைக்காய் சுடுகிறவளிலிருந்து லாகோஸ் வண்டிக்கு ஆள் கூப்பிடுகிறவன் வரைக்கும் மஞ்சள் குடையைக் கை காட்டுவார்கள்.

குடைக்குக் கீழே ஒரு மர மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கைபேசி. பெனின் நகரத்துக்குக் கைபேசி வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. சொந்தமாக வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் எல்லாம் குடைக்காரிகளிடம் காசு கொடுத்துத்தான் பேசினார்கள், நிமிஷத்துக்கு ஐம்பது நைரா. அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அறுபது வினாடியைத் தாண்டி ஒரே ஒரு வினாடி போனாலும் கம்பெனி இரண்டு நிமிஷத்துக்கான காசைப் பிடித்துவிடும். நாட்டில் இருந்த கம்பெனிகள் எல்லாமே அப்படித்தான் பிடித்தன. பேசியவர் அந்த இரண்டாவது நிமிஷத்துக்குக் கொடுக்க மறுத்தால் அது குடைக்காரி தலையில் விழும்.

அதனால் உவைலா ஒரு விளையாட்டு வாத்தியாரிடமிருந்து பழைய ஸ்டாப்வாட்ச் ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஐம்பதில் கையைத் தூக்குவாள். ஐம்பத்தைந்தில் பேசுகிறவர் காதிலிருந்து கைபேசியைப் பிடுங்கிவிடுவாள். மற்றக் குடைக்காரிகள் முதலில் இரங்குவார்கள், பிறகு காசுக்காகத் தெருவில் கட்டிப் புரளுவார்கள். உவைலா இரங்கவும் மாட்டாள், சண்டைக்கும் போக மாட்டாள். அவள் கணவன் ஒரு தையல்காரியோடு லாகோஸ் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. போனவன் ஒரு காசு அனுப்பவில்லை. மகன் ஓசாரோவை வளர்த்து வெல்டிங் பட்டறையில் சேர்த்தது அவள் கைதான். இரக்கப்படுகிறவள் பட்டினி கிடப்பாள் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

அந்த மேசையில் உட்கார்ந்து அவள் கேட்காதது இல்லை. ஒருவன் தன் தம்பியிடம் அப்பா போய்விட்டார், சனிக்கிழமை அடக்கம், ஆடு உன் பொறுப்பு என்று இருபது வினாடியில் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த நேரத்துக்கு நேற்றைய பந்தாட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று விசாரித்தான். காசு கொடுத்த நிமிஷத்தை வீணாக்க அவனுக்கு மனம் வரவில்லை. உவைலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் குடையிலிருந்து நாற்பது எட்டில் இசோக்கேன் அம்மா கரி அடுப்பு வைத்து வாழைக்காய் சுட்டு விற்றாள். இசோக்கேன் அவளுடைய ஒரே மகள். இத்தாலியில் தூரின் நகரத்தில் முடி பின்னுகிற வேலை என்று சொல்லி அழைத்துப்போயிருந்தார்கள். கோவிலில் நகமும் முடியும் வெட்டி வாங்கிக்கொண்டு, கடன் தீரும்வரை ஓட மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொல்லி அனுப்புகிற அந்த வேலை என்ன வேலை என்று பெனினில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை இசோக்கேன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மஞ்சள் குடைக்கு வருவாள். வெளிநாட்டுக்கு நிமிஷம் நூற்றைம்பது நைரா. ஒரே ஒரு நிமிஷம் வாங்குவாள். சாப்பிட்டாயா, குளிருகிறதா, சர்ச்சுக்குப் போகிறாயா என்று கேட்டு முடிப்பதற்குள் உவைலாவின் கை எழும்பிவிடும்.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை அப்படி நடக்கவில்லை. இசோக்கேன் எடுத்தவுடன் அழுதாள். அந்தக் கைபேசியில் மறுமுனைச் சத்தம் பக்கத்து நாற்காலிக்கும் கேட்கும். நான் இப்போது தூரினில் இல்லை, வேறு ஊருக்குக் கொண்டுவந்து அடைத்துவிட்டார்கள், ஊர்ப் பெயரைச் சொல்கிறேன் எழுதிக்கொள், நம் சர்ச்சில் இருக்கிற சிஸ்டரிடம் சொல்லி ஆள் அனுப்பச் சொல் என்றாள். தாய்க்கு எழுதத் தெரியாது. பேனாவைத் தேடினாள், எழுதித் தரச் சொல்லி உவைலாவைப் பார்த்தாள். உவைலா ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின வாரம்தான் ஒருவன் ஜெர்மனிக்கு நான்கு நிமிஷம் பேசிவிட்டு வாடகைக்கு ஓடுகிற ஒக்காடா பைக்கில் ஏறி ஓடியிருந்தான்.

“இன்னும் ஒரு நிமிஷம் குடு உவைலா. நாளைக்குத் தந்துடறேன். அடுப்பு அங்கதானே இருக்கு, நான் எங்க ஓடிடப்போறேன்?” என்று இசோக்கேன் அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கோங்க” என்றாள் உவைலா. பிடித்த கையைத் தட்டிவிட்டுக் கைபேசியை வாங்கிக்கொண்டாள். ஊர்ப் பெயரின் முதல் எழுத்துக்கூட வந்திருக்கவில்லை.

மறுநாள் காலை இசோக்கேன் அம்மா கடன் வாங்கிய காசோடு வந்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திங்கட்கிழமை மணியே அடிக்கவில்லை. மூன்றாவது வாரம், இத்தாலியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் உசேலுவுக்கு வந்து, இசோக்கேனை ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் பிணமாகக் கண்டெடுத்ததாகவும் அங்கேயே புதைத்துவிட்டதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு வாழைக்காய் வாங்கித் தின்றாள். பசியோடு இருந்தாள் போல.

இசோக்கேன் அம்மா உவைலாவோடு சண்டைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தாள். பத்தாம் நாள் மூட்டினாள். மஞ்சள் குடை இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. அடுப்புக்கு இடத்தை மாற்றவும் இல்லை.

உவைலா முதலில் தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தாள். நானா அந்தப் பெண்ணை அனுப்பினேன், நானா சத்தியம் வாங்கினேன் என்றாள். ஓசாரோவிடமும் அதையே சொன்னாள். அவன் வெல்டிங் கண்ணாடியைத் துடைத்தபடி, “யாரும் உன்னைக் கேக்கலையேம்மா” என்றான். அதன் பிறகு வாடிக்கைக்காரர்களுக்கு அறுபது, எழுபது வினாடி விட்டாள். கைக்காசு போனது. ஆனாலும் ஐம்பத்தைந்து வந்ததும் கை தானாக எழுந்தது. வெட்டிப்போட்டாலும் எழும் போலிருந்தது.

அந்த நாட்களில்தான் வானொலியில் பாரிஸ்டர் எராபோர் பேசினதைக் கேட்டாள். தொலைபேசி உபயோகிப்போர் சங்கம் என்று ஒன்றை அவர் ஆரம்பித்திருந்தார். வினாடிக்கு எவ்வளவோ அவ்வளவுதான் வாங்க வேண்டும், நிமிஷக் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் முழுக்க ஊரே கைபேசியை அணைத்துவைக்கும் என்றார். சங்கத்தில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய குமாஸ்தாக்கள். உவைலா போய் ஏழாவது ஆளாகச் சேர்ந்தாள்.

சேர்ந்த பிறகுதான் அவளுக்கு வாய் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. சர்ச் முடிந்து வருகிற கூட்டத்திலும் சந்தையிலும் லாரி நிறுத்தத்திலும் ஸ்டூல் மேல் ஏறி நின்று, மக்கள் ஒரு நிமிஷத்துக்குள் பேசுகிற பேச்சை அப்படியே நடித்துக் காட்டினாள். அப்பாவைப் புதைக்கிற சேதியும் பந்தாட்டமும் கேட்டுக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சிரித்து முடித்ததும், உன் அப்பன் சாவுக்கும் கம்பெனிக்காரன் கடிகாரம் பிடிக்கிறான் என்பாள். மூன்றே வாரத்தில் சங்கத்தில் நாலாயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள்.

மற்றக் குடைக்காரிகளுக்கு அது பொறுக்கவில்லை. கம்பெனி வினாடிக்கு மாறினால், இருபது வினாடி பேசினவனிடம் முழு நிமிஷக் காசு வாங்குகிற அவர்கள் பிழைப்பும் போய்விடும். ஒரு மத்தியானம் ஐந்து பேர் வந்து மஞ்சள் குடையைக் கம்பி கம்பியாக உடைத்தார்கள். அதில் மூத்தவள் மிளகாய் கரைத்த தண்ணீரை உவைலா முகத்தில் ஊற்றிவிட்டு, “பிடுங்கித் தின்ன கை இது. இப்ப எங்களுக்குப் பாவ புண்ணியம் சொல்ல வந்துட்டியா?” என்றாள். உவைலா கண்ணைத் திறக்க முடியாமல் தரையில் தண்ணீர்ப் பானையைத் தடவித் தேடினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். இசோக்கேன் அம்மா வாழைக்காயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாரிஸ்டருக்கு உவைலாவின் சிரிப்புக் கதைகள் போதவில்லை. அணைத்துவைக்கும் நாளுக்கு முன்பு நகர மண்டபத்தில் பெரிய கூட்டம். அதற்கு நெஞ்சைப் பிளக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். உவைலா சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் இசோக்கேன் கதையைச் சொன்னாள். நிறுத்தத்தை மாற்றிச் சொன்னாள். ரிங் ரோட்டில் ஒரு குடைக்காரி, ஒரு தாய், இத்தாலியில் ஒரு பெண் என்றாள். பாரிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாளே துண்டுப் பிரசுரம் வந்தது. ‘ஐந்து வினாடி மிச்சம் பிடிக்க ஒரு பெண்ணைக் கொன்றார்கள்.’ ஊர் முழுக்க அதுதான் பேச்சு. தான் சொன்ன பொய்யைத் தானே கட்டுக் கட்டாகச் சுமந்து விநியோகம் செய்தாள் உவைலா.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வாசல்வரை ஆள் நின்றது. வானொலிக்காரர் ஒலிவாங்கியோடு மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உவைலா பேச ஆரம்பித்து, ரிங் ரோடு என்று வாயெடுத்த பிறகுதான் முதல் வரிசையைப் பார்த்தாள். இரவல் லேஸ் துணியும் தலைக்கட்டுமாக இசோக்கேன் அம்மா உட்கார்ந்திருந்தாள். இத்தாலியில் மகளைப் பறிகொடுத்த தாய் யாரென்று பாரிஸ்டர் விசாரித்துக் கண்டுபிடித்து, மேடையேற்றலாம் என்று தானே வண்டி அனுப்பி அழைத்துவந்திருந்தார். யார் குடை என்று மட்டும் அவர் விசாரிக்கவில்லை.

அங்கே நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். உவைலா கதையை ரிங் ரோட்டிலேயே நடத்திக்கொண்டு போனாள். கடைசியில் அந்தக் குடைக்காரி தாயின் கையைத் தட்டிவிட்ட இடம் வந்தபோது மண்டபத்தில் பெண்கள் விசும்பினார்கள். பாரிஸ்டர் எழுந்து, அந்தத் தாய் இதோ நம்மோடு இருக்கிறார் என்று சொல்லி இசோக்கேன் அம்மாவை மேடைக்குக் கூட்டிவந்து ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்.

அவள் அதை முதலில் காதில் வைத்தாள். யாரோ திருத்தி வாய்க்கருகே பிடித்தார்கள்.

“ரிங் ரோடு இல்ல. உசேலு” என்றாள். “மஞ்சக் குடை. இதோ நிக்கிறாளே, இவதான்.”

வானொலிக்காரர் தன் ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார்.

“ஊர் பேர் சொல்றேன் எழுதிக்கோன்னு எம் பொண்ணு சொன்னா. நாளைக்குத் தர்றேன்னு இவ கையைப் பிடிச்சேன். மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கோன்னு சொல்லிப் பிடுங்கிட்டா. மிச்சம் இருக்கு. யார்கிட்ட போய்ப் பேசறது?”

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ “ஐம்பத்தஞ்சு!” என்றான். உசேலுக்காரனாக இருக்க வேண்டும். பிறகு மண்டபமே ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு என்று தாளம் தட்டியது. செருப்பு வந்து விழுந்தது. பாரிஸ்டருக்கு ஒரு கணம் முகம் வெளுத்தது; மறுகணம் தேறிவிட்டார். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு, நம்மில் ஒருத்தியையே கசாப்புக்காரியாக ஆக்கிவைத்திருக்கிறது இந்தக் கட்டணம், சொந்த அக்கம்பக்கத்தையே அறுக்க வைத்திருக்கிறது, பாருங்கள் இவளை என்று உவைலாவைத் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்கு முன்னால் தள்ளி நிறுத்தினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது. உவைலா அரை மணி நேரம் அப்படியே நின்றாள். இறங்கிப் போக அவளுக்கு யாரும் வழி விடவில்லை.

வெள்ளிக்கிழமை பெனினில் கைபேசிகள் அணைந்தன. ஊர்வலத்தில் இசோக்கேன் அம்மாவை முன்னால் நடக்கவைத்துப் பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். உவைலா கடைசி வரிசைக்கும் பின்னால், நூறு அடி தள்ளி நடந்தாள். வராதே என்று பாரிஸ்டரின் குமாஸ்தா சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. சந்தை முனையில் யாரோ எறிந்த சோடா பாட்டில் அவள் புருவத்தில் பட்டுக் கிழித்தது. ரத்தத்தைத் தலைத்துணியால் அழுத்திக்கொண்டு ஊர்வலம் முடியும்வரை நடந்தாள். ஓசாரோ அன்று பட்டறையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. ஐம்பத்தஞ்சு மகன் என்று பட்டறையில் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மாதக் கடைசியில் அவன் வாரி நகரத்தில் வேலை கிடைத்ததாகச் சொல்லிப் பெட்டியைக் கட்டினான்.

கம்பெனி கட்டணத்தைக் குறைக்கவில்லை. அதற்குப் பதில் இசோக்கேன் அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்துக் குளிர் அறையில் உட்காரவைத்து, நாடா கட்டிய டப்பாவில் ஒரு புதுக் கைபேசி கொடுத்தது. ஒரு வருஷத்துக்கு எத்தனை அழைப்பு வேண்டுமானாலும் இலவசம். மேலாளர் குனிந்து அவள் கையைப் பிடித்திருக்கிற படம் பத்திரிகையில் வந்தது. ‘இனி அந்தத் தாய் மனம்விட்டுப் பேசலாம்’ என்று கீழே போட்டிருந்தார்கள். நான்கு மாதத்தில் பாரிஸ்டர் எராபோர் அந்தக் கம்பெனிக்கே சட்ட ஆலோசகரானார். சங்கத்துப் பலகையை அவரே கழற்றி எடுத்துப் போனார். நல்ல இரோக்கோ மரம், தேக்குபோல உழைக்கும்.

இசோக்கேன் அம்மாவிடம் கைபேசி இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. மகளின் எண் போன பிறகு அவளுக்குத் தெரிந்த எண் ஒன்றுதான். அது மஞ்சள் குடையின் மேல் கறுப்பு மையில் கொட்டையாக எழுதியிருந்தது. குடை உடைந்தாலும் துணியைத் தைத்து உவைலா மறுபடி நட்டிருந்தாள்.

முதல் அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. உவைலா எடுத்து ஹலோ என்றாள். மறுமுனையில் விசிறியால் கரியை விசிறுகிற சத்தம் கேட்டது. அதே சத்தம் நாற்பது எட்டுத் தள்ளியிருந்த அடுப்பிலிருந்து அவளுடைய இன்னொரு காதிலும் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். இசோக்கேன் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, கைபேசியைக் காதில் வைத்தபடி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வினாடி ஆனதும் தொடர்பு அறுந்தது. அவளிடம் கடிகாரம் இல்லை. எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். வாடிக்கைக்காரர் யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுத்து மறுபடி கூப்பிடுவாள். எண்ணை மாற்றிவிடு, இல்லாவிட்டால் எடுக்காதே என்று ஓசாரோ வாரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னான். உவைலா எடுத்தாள். எடுக்காமலிருந்தால் அவளுக்கு நாள் நகராமல் போயிற்று.

இரண்டாவது மாதம் ஒரு நாள் உவைலா வாயைத் திறந்தாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள் கூட்டிக் கழித்து வைத்திருந்தாள். “இசோக்கேன் அம்மா, நான் தெரிஞ்சு செய்யல. அதுக்கு முந்தின வாரம் ஒருத்தன் ஏமாத்திட்டு ஓடிட்டான், அதனாலதான் நான்…” என்று ஆரம்பித்தவள், ஜெர்மனிக்காரன் கதைக்குள் போய்விட்டாள். அதிலிருந்து மீண்டு, நாம் சொல்ல வந்தது இதில்லையே என்று தடுமாறினாள்.

முதல் தடவையாக மறுமுனை பேசியது. “இன்னும் பத்து செகண்ட் இருக்கு. சொல்லு.”

உவைலா மறுபடி, “நான்… அதனாலதான்…” என்றாள்.

“நேரம் ஆயிடுச்சு” என்று சொல்லி இசோக்கேன் அம்மா வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு டிரைவர் வந்து வாழைக்காய் கேட்க, அவள் அவனோடு மிளகாய்த் தூள் அதிகம் போடட்டுமா என்று சிரித்துப் பேசுவது குடைவரைக்கும் கேட்டது.

அதன் பிறகு அவள் பேசவே இல்லை. அழைப்பு மட்டும் வந்தது. மன்னித்துவிடு என்ற ஒற்றை வார்த்தையை உவைலா எத்தனையோ தடவை சொன்னாள். அதைச் சொல்ல ஒரு வினாடிதான் ஆனது. பிறகு ஐம்பத்து நாலு வினாடிக்கு விசிறிச் சத்தம்.

அந்த வருஷம் புதிதாக ஒரு கம்பெனி ஊருக்குள் வந்து வினாடிக் கணக்கில் காசு பிடிக்க ஆரம்பித்தது. ஆள் பிடிக்கிற போட்டியில் பழையவர்களும் வழிக்கு வந்தார்கள். கட்டணம் மளமளவென்று இறங்கியது. மலிவுக் கைபேசிகள் சந்தையில் குவிந்தன. கறிகாய்க்காரி இடுப்பிலும் ஒன்று தொங்கியது. கட்டணத்தைக் குறைத்தது யார் என்று கேட்டால் சிலர் புதுக் கம்பெனி என்றார்கள், சிலர் பாரிஸ்டர் என்றார்கள். குடைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மிளகாய்த் தண்ணீர் ஊற்றியவள் போகிற வழியில் உவைலா காலடியில் துப்பிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். உவைலா அந்த மேசையிலேயே ரீசார்ஜ் கார்டும் கர்ரி என்கிற மரவள்ளி மாவும் வைத்து விற்றாள். எண்ணை மாற்றவில்லை.

ஒரு வருஷ இலவசம் முடிந்த மறுநாள் மத்தியானம் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. உவைலா நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள் தன் மேசையிலிருந்த கார்டு ஒன்றைச் சுரண்டி, ஐந்நூறு நைராவை அந்த எண்ணுக்குப் போட்டாள். போட்டுவிட்டுக் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தது. மூன்றாவது மணிக்குள் எடுத்தாள்.

ஒரு ஆண் குரல். பின்னால் சிமெண்டு மூட்டை இறக்குகிற இரைச்சல். “யாரம்மா இது, எனக்குக் காசு போட்டு விட்டிருக்கீங்க?”

இந்தக் கைபேசி உங்களிடம் எப்படி வந்தது என்று கேட்டாள்.

“போன மாசமே விலை பேசி வச்சது. சனிக்கிழமைதான் கைக்குக் குடுத்தாங்க. உசேலுல வாழைக்கா சுடற அம்மா. ஃப்ரீயா இருந்த வரைக்கும் வேணும், அப்புறம் எனக்கெதுக்குன்னாங்க” என்றான். ஆள் வாயாடி. சிமெண்டு விலை, புது வீடு, மனைவிக்கு வலிப்பு என்று சொல்லிக்கொண்டே போனான். கடைசியில், “கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும். மாசாமாசம் போடுவீங்களா?” என்று கேட்டுச் சிரித்தான்.

தப்பான எண்ணுக்குப் போட்டுவிட்டேன் என்றாள் உவைலா. பரவாயில்லை, திருப்பிக் கேட்காதீர்கள் என்று அவன் வைத்துவிட்டான்.

அவள் எழுந்து இசோக்கேன் அம்மா அடுப்பு வரைக்கும் நடந்தாள். அந்த நாற்பது எட்டை அவள் அதற்கு முன் நடந்ததில்லை. அடுப்புக்கு எதிரே போய் நின்றாள். இசோக்கேன் அம்மா தலை நிமிர்ந்து, வாங்க வந்த யாரையும் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தாள்.

“எத்தனை?” என்றாள்.

“ரெண்டு.”

பழைய செய்தித்தாளில் இரண்டைச் சுற்றிக் கொடுத்தாள். உவைலா காசைக் கொடுத்தாள். இசோக்கேன் அம்மா சில்லறையை எண்ணித் தந்துவிட்டு, பின்னால் நின்ற ஆளை நகர்ந்து வரச் சொன்னாள்.